நீலக் கரைசலில் வெள்ளைப் படிவு

பிரத்தியேக வகுப்பில் படிவம் 4 மாணவர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன். செம்பு சல்பேட்டுக் கரைசலுடன் பேரியம் குளோரைடுக் கரைசலைச் சேர்த்தால் என்ன தெரியும்? பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே விடையைத்தான் எழுதியிருந்தார்கள்: "நீல நிற வீழ்படிவு."

ஏன் என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த மாணவி தயங்காமல் சொன்னாள்: "செம்பு இருக்கே சார். செம்புன்னா நீலம்தானே?"

அவள் சும்மா ஊகித்து எழுதவில்லை. செம்பு சல்பேட்டுடன் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தபோது நீல வீழ்படிவு வந்ததை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதை அப்படியே இதற்கும் பொருத்திவிட்டாள். அவள் நினைவில் வைத்தது ஒரு நிறத்தை. அந்த நிறம் எந்த இரண்டு அயனிகள் சேர்ந்ததால் வந்தது என்பதை வைக்கவில்லை. எஸ்.பி.எம். இரசாயனத்தில் 'அமிலம், காரம், உப்பு' பாடத்தைக் கண்டு நம் பிள்ளைகள் பயப்படுவதற்கும், நேரடிச் செய்முறைத் தேர்வில் சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதற்கும் இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எத்தனையோ வினைகள், எத்தனையோ நிறங்கள், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் மனத்தில் வைக்கவேண்டியது மிகக் குறைவு.

மலாய்ப் பாடநூலில் இதற்குப் பெயர் 'பெங்குராயான் கண்டா டுவா'. தமிழில் இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்கிறோம். இரண்டு பெயர்களுமே கொஞ்சம் ஏமாற்றுபவை. சிதைவு, இடப்பெயர்ச்சி என்று கேட்டால் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று உடைத்து, பிடுங்கிக்கொண்டு, இடம் மாறுவது போலத் தோன்றுகிறது. சோதனைக் குழாயில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

செம்பு சல்பேட்டு நீரில் கரைந்தபோதே செம்பு அயனியும் சல்பேட்டு அயனியும் பிரிந்துவிட்டன. பேரியம் குளோரைடும் அப்படித்தான். இரண்டு கரைசல்களையும் ஊற்றியவுடன் குழாயில் இருப்பவை நான்கு வகை அயனிகள். பாசார் மாலாமில் கூட்டம் அலைவது போல அவை தனித்தனியாகத் திரிந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் எதிரெதிர் மின்னூட்டம் உள்ள இரண்டு வகை அயனிகள் நீரைவிட ஒன்றையொன்று இறுக்கமாகப் பற்றிக்கொண்டால், அந்த ஜோடி கூட்டத்தை விட்டு வெளியேறிவிடும். அந்த வெளியேற்றம்தான் வினை. மீதி இரண்டும் முன்பு போலவே திரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே வினைபொருளைக் கணிக்கக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கரைசலை விட்டு எந்த ஜோடி வெளியேறும்?

செம்பு சல்பேட்டுக் கேள்விக்கு வருவோம். புதிதாக அமையக்கூடிய ஜோடிகள் இரண்டு: செம்பு குளோரைடு, பேரியம் சல்பேட்டு. செம்பு குளோரைடு நீரில் நன்றாகக் கரையும், அது வெளியேறாது. பேரியம் சல்பேட்டோ ஒரு லிட்டர் நீரில் 2, 3 மில்லிகிராம் அளவே கரையும். அதனால் அதுதான் அடியில் படியும். அதன் நிறம் வெள்ளை. செம்பு அயனி எங்கும் போகவில்லை, கரைசலிலேயே இருக்கிறது. ஆகவே மேலே உள்ள கரைசல் நீலமாகவே இருக்கும். சரியான விடை, நீலக் கரைசலில் வெள்ளை வீழ்படிவு.

அந்த மாணவிக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்காவிட்டாலும் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்தச் சோதனையைச் செய்து, குழாயைக் குலுக்கிய உடனே பார்த்தால் அது இளநீலப் பால் போலத்தான் தெரியும். வெள்ளைத் தூள் நீல நீரில் மிதந்துகொண்டிருப்பதால் வரும் தோற்றம் அது. குழாயைத் தாங்கியில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தால் வெள்ளை கீழே இறங்கும், நீலம் மேலே தெளியும். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். படியட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். நம் தமிழ்ச் சொல்லே அதைத்தான் சொல்கிறது: வீழ்ந்து படிவது வீழ்படிவு. மலாயில் வரும் 'மெண்டாக்கான்' என்ற சொல்லுக்கும் அடியில் தங்குவது என்றுதான் பொருள்.

இப்போது அந்தக் குறைந்த மனப்பாடம். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் எல்லாம் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். இந்த இரண்டு வரிகளே பாதிக் கேள்விகளைத் தீர்த்துவிடும். அடுத்து, குளோரைடுகள் கரையும், மூன்றைத் தவிர: வெள்ளி, காரீயம், பாதரசம் (ஒன்று). என் வகுப்பில் இதை 'வெ-கா-பா' என்போம். சல்பேட்டுகளும் கரையும், மூன்றைத் தவிர: பேரியம், கால்சியம், காரீயம். இது 'பே-கா-கா'. காக்கை கரைவது போல இருப்பதால் பிள்ளைகள் மறப்பதில்லை! கார்பனேட்டுகளுக்குத் தலைகீழ்: முதலில் சொன்ன சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் மூன்றையும் தவிர மற்றவை கரையாதவை. ஹைட்ராக்சைடுகளும் ஏறக்குறைய அப்படித்தான், பேரியம் ஹைட்ராக்சைடு கரையும், கால்சியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் கரையும் என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

காரீயம் என்று நான் எழுதுவது மலாய் நூலில் வரும் 'பிளம்பம்'. சிலர் இதை வெறுமனே ஈயம் என்கிறார்கள். நம் நாட்டில் ஈயம் என்றால் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த உலோகம், அது வேறு. தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் வேண்டாம்.

காரீயம் என்றதும் எனக்கு மிகவும் பிடித்த வினை நினைவுக்கு வருகிறது. காரீய நைட்ரேட்டு, பொட்டாசியம் அயோடைடு. இரண்டுமே தண்ணீர் போல நிறமற்ற கரைசல்கள். ஒன்றில் மற்றதன் ஒரு சொட்டு விழுந்ததும் பளீரென்று மஞ்சள்! அதைச் சூடாக்கினால் மஞ்சள் கரைந்து மறையும். மெல்ல ஆறவிட்டால் தங்கப் பொடியைத் தூவியது போல மின்னும் படிகங்களாகத் திரும்பி வரும். இந்தச் சோதனையைக் காட்டும் நாளில் எந்த வகுப்பும் சத்தம் போட்டதில்லை. (காரீயம் நஞ்சு; கையுறை அணியுங்கள், மீதியைத் தொட்டியில் கொட்டாதீர்கள், ஆசிரியர் காட்டும் கழிவுப் போத்தலில் ஊற்றுங்கள்.)

அழகாக இருக்கும் இந்த வினையில்தான் சமன்பாட்டுத் தவறும் அதிகம். இடம் மாற்றும்போது பிள்ளைகள் எழுத்தை மட்டும் மாற்றி, காரீயம் ஒன்று, அயோடைடு ஒன்று என எழுதிவிடுகிறார்கள். சிலர் பொட்டாசியத்துக்குப் பக்கத்தில் இரண்டு நைட்ரேட்டுகளைத் தூக்கி வைக்கிறார்கள், பழைய இடத்தில் இரண்டு இருந்ததே என்று. அயனி தன்னோடு எடுத்துச் செல்வது தன் மின்னூட்டத்தை மட்டும்தான். பழைய கூட்டாளியிடம் எத்தனை பேராக இருந்தது என்ற எண்ணிக்கையைக் கொண்டுபோவதில்லை. காரீயத்துக்கு நேர் மின்னூட்டம் 2, அயோடைடுக்கு எதிர் மின்னூட்டம் 1. ஆகவே ஒரு காரீயத்துக்கு இரண்டு அயோடைடு. பொட்டாசியத்துக்கு 1, நைட்ரேட்டுக்கு 1. அங்கே ஒன்றுக்கு ஒன்று. வாய்ப்பாடுகளைச் சரியாக எழுதிய பிறகுதான் சமப்படுத்தவேண்டும்: காரீய நைட்ரேட்டு ஒன்று, பொட்டாசியம் அயோடைடு இரண்டு, காரீய அயோடைடு ஒன்று, பொட்டாசியம் நைட்ரேட்டு இரண்டு. குறிப்பேட்டை எடுத்து இதை ஒருமுறை குறியீட்டில் எழுதிப் பாருங்கள். மின்னூட்டம் மாறாது என்பதால், இரும்பு (இரண்டு) உள்ளே போனால் இரும்பு (இரண்டு) ஆகவே வெளியே வரும். வினைபொருளில் திடீரென்று இரும்பு (மூன்று) ஆக முடியாது.

அயனிச் சமன்பாடு எழுதச் சொன்னால் பலருக்கு வியர்க்கிறது. வெளியேறிய ஜோடியை மட்டும் எழுதினால் அதுதான் அயனிச் சமன்பாடு. பேரியம் அயனியும் சல்பேட்டு அயனியும் சேர்ந்து பேரியம் சல்பேட்டு, அவ்வளவே. பேரியம் நைட்ரேட்டுடன் பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்தாலும், பேரியம் குளோரைடுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்தாலும் அதே சமன்பாடு, அதே வெள்ளை வீழ்படிவு. ஒன்றைப் புரிந்துகொண்டவர் பத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வினைபொருளைச் சரியாகக் கணித்தும் மதிப்பெண் இழக்கும் இடம் அடுத்தது. 'பெமெர்ஹத்தியான்' கேட்டால் கண் கண்டதை எழுதவேண்டும். "பேரியம் சல்பேட்டு உருவானது" என்பது கண் கண்டது இல்லை. மூளை முடிவு செய்தது. அது 'இன்ஃபெரென்ஸ்'. "கார்பன் டைஆக்சைடு வெளியானது" என்பதும் அப்படியே. கண் கண்டது நுரைத்தல், நிறமற்ற வாயு, சுண்ணாம்பு நீர் பால்போல் மாறியது. வாயுவின் பெயர் அதன் நெற்றியில் எழுதியிருப்பதில்லையே!

இன்னொன்று, தெளிவு வேறு, நிறமின்மை வேறு. செம்பு சல்பேட்டுக் கரைசல் தெளிவானது, ஆனால் நீலம். சோடியம் குளோரைடுக் கரைசல் தெளிவானது, நிறமுமற்றது. முன்பு என்ன நிறம், பின்பு என்ன நிறம் என்று இரண்டையும் எழுதுங்கள். செம்பு சல்பேட்டில் சோடியம் ஹைட்ராக்சைடைப் போதுமான அளவு ஊற்றினால் நீல வீழ்படிவு மட்டும் தோன்றுவதில்லை, மேலிருந்த கரைசலின் நீலமும் போய்விடுகிறது. ஏனென்றால் இங்கே செம்பு வெளியேறிவிட்டது. பேரியம் குளோரைடுடன் நீலம் நின்றதும் இங்கே நீலம் போனதும் ஒரே விதியால்தான்.

இரும்பு (இரண்டு) தரும் ஹைட்ராக்சைடு அழுக்குப் பச்சை. சற்று நேரம் வைத்தால் காற்றுபட்ட மேற்பகுதி பழுப்பாகும். அது இன்னொரு வினை. குழாயைப் பார்த்த உடனே எழுதியவரும் கடைசியாக எழுதியவரும் வேறு வேறு நிறம் எழுதுவது இதனால்தான். துத்தநாகம், அலுமினியம், காரீயம் மூன்றும் சோடியம் ஹைட்ராக்சைடுடன் வெள்ளை வீழ்படிவு தந்து, அதிகம் ஊற்றினால் கரைந்துபோகும். அதை இன்னொரு வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

"மாற்றம் இல்லை" என்பதும் ஒரு விடைதான். சோடியம் குளோரைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் சேர்த்தால் நான்கு அயனிகளில் எந்த ஜோடியும் வெளியேறாது. வினையே இல்லை. ஆனாலும் பிள்ளைகள் கை சும்மா இருப்பதில்லை. கேள்வி என்று இருந்தால் விடையும் ஏதாவது இருக்கவேண்டும் என்று "வெள்ளை வீழ்படிவு" என எழுதிவைக்கிறார்கள். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும். அங்கேயும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழாயைத் தொட்டால் சூடு தெரியும். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் நீராகச் சேர்ந்து கூட்டத்திலிருந்து விலகிவிட்டன. வெளியேற மூன்று வழிகள் உண்டு: திடப்பொருளாகக் கீழே, வாயுவாக மேலே, நீராக நடுவிலேயே.

இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானே என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். குடல், உணவுக்குழாய் ஆகியவற்றை எக்ஸ்ரே எடுக்கும்போது மருத்துவமனையில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு பானம் குடிக்கக் கொடுப்பார்கள். அது பேரியம் சல்பேட்டு. பேரியம் அயனி கொடிய நஞ்சு. தசைகளையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். பிறகு எப்படி அதைக் குடிக்கக் கொடுக்கிறார்கள்? மேலே சொன்ன அதே காரணம். பேரியம் சல்பேட்டு நீரிலும் கரையாது, வயிற்றில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரையாது. உள்ளே போனது போலவே வெளியே வந்துவிடும்.

அதே இடத்தில் பேரியம் கார்பனேட்டு இருந்தால்? அதுவும் வெள்ளைத் தூள், அதுவும் நீரில் கரையாதது, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் வயிற்று அமிலத்தைச் சந்தித்ததும் கார்பனேட்டு ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து, நீராகவும் கார்பன் டைஆக்சைடாகவும் போய்விடும். வாயு வெளியேற, பேரியம் கரைசலில் தனியாக நிற்கும். எலி மருந்தாகப் பயன்பட்ட பொருள் அது. 2003இல் பிரேசில் நாட்டில் இப்படித்தான் நடந்தது. எக்ஸ்ரேக்காகக் கொடுத்த பேரியம் சல்பேட்டு மருந்தில் பேரியம் கார்பனேட்டு கலந்திருந்தது; பரிசோதனைக்காக வந்த பலர் உயிரிழந்தார்கள்.

சல்பேட்டு ஏன் அமிலத்துக்கு அசையவில்லை, கார்பனேட்டு ஏன் அசைந்தது என்பது படிவம் 4 மாணவர் விடையளிக்கக்கூடிய கேள்வி. கார்பனேட்டுக்கு வாயுவாக வெளியேறும் வழி இருக்கிறது. சல்பேட்டுக்கு அந்த வழி இல்லை. இன்னும் ஒன்று: கரையும் பேரியம் உப்பை யாராவது விழுங்கிவிட்டால் மருத்துவர்கள் சோடியம் சல்பேட்டையோ மக்னீசியம் சல்பேட்டையோ வாய்வழியாகக் கொடுப்பதுண்டு. எதற்கு என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்.

மக்னீசியம் சல்பேட்டு என்பது நம் வீட்டுப் பேதி உப்பு. கடையில் எப்சம் உப்பு என்று கேட்டால் கிடைக்கும். ஆய்வுக்கூடம் இல்லாமல் வீட்டிலேயே ஒரு வினையைப் பார்க்க அது போதும். குளியல் சவர்க்காரக் கட்டியைக் கொஞ்சம் சீவி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். உறையைப் பாருங்கள், பெரும்பாலும் 'சோடியம் பால்மேட்' என்று இருக்கும். நம் செம்பனை எண்ணெயிலிருந்து வந்தது. இன்னொரு கண்ணாடிக் குவளையில் ஒரு தேக்கரண்டி பேதி உப்பைக் கரைத்து, சவர்க்கார நீரை அதில் ஊற்றுங்கள். திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் திரளும், குலுக்கினால் நுரை வராது. கரைசலை விட்டு வெளியேறியது எந்த ஜோடி என்று எழுதுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் இது நடக்காது. அது சவர்க்காரம் இல்லை, வேறு பொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. இங்கே படிவு கீழே வீழாமல் மேலே மிதக்கலாம், கொழுப்புச் சேர்ந்தது இலேசானது என்பதால். பயப்படவேண்டாம், மிதந்தாலும் அது வீழ்படிவுதான்!

அடுத்த வாரத்துக்கு மூன்று கேள்விகள். இரும்பு (மூன்று) குளோரைடுக் கரைசலுடன் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் என்ன தெரியும்? செம்பு குளோரைடுடன் சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால்? மூன்றாவது சற்றுக் கடினம். நீலம் என்று எழுதிய அந்த மாணவிக்காகவே தேடி எடுத்தது. செம்பு சல்பேட்டுடன், இம்முறை பேரியம் குளோரைடை விட்டுவிட்டு, பேரியம் ஹைட்ராக்சைடைச் சம அளவு மோலில் சேர்க்கிறோம். அடியில் படிவது என்ன, மேலே மிஞ்சும் நீரின் நிறம் என்ன? குழாயில் உள்ள நான்கு அயனிகளையும் முதலில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். விடைகள் அடுத்த ஞாயிறு.